தீக்கோழி பறக்கும்னா சரியாம், மாம்பழம் மஞ்சள்னா தப்பாம்!

#1 கரிசல்காடு
எல்லாருக்கும் வணக்கம். எம்.காம் முடிச்சிட்டு யுஜிசி நெட் தேர்வுக்குப் படிச்சிட்டிருக்கேன். முதல் தாள்ல 10 அலகு, 50 கேள்வி. மத்ததெல்லாம் எப்படியோ ஓடிடுது, தர்க்கம் அலகுல மட்டும் வண்டி நின்னுடுது. கைடுல அடுத்தடுத்து ரெண்டு கணக்கு.

ஒண்ணு: எல்லாப் பறவைகளும் பறக்கும். தீக்கோழி ஒரு பறவை. ஆகவே தீக்கோழி பறக்கும். விடை: வேலிட்.

ரெண்டு: எல்லா மாம்பழங்களும் பழங்கள். சில பழங்கள் மஞ்சள். ஆகவே சில மாம்பழங்கள் மஞ்சள். விடை: வேலிட் இல்லை.

தீக்கோழி பறக்காதுன்னு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கும் தெரியும். மஞ்சள் மாம்பழம் இப்ப என் முன்னாடி தட்டுல இருக்கு. அச்சுல விடை மாறிப்போச்சா, இல்லை எனக்குத்தான் மூளை மாறிப்போச்சா?

#2 அண்டங்காக்கை
கைடை மாத்துங்க. பழைய புத்தகக் கடையில வாங்கினதா?

#3 வடலி
பிள்ளை, விடை மாறவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' படிப்பித்தவன். ஒவ்வொரு வருசமும் முதல் மாதத்தில் இதே கேள்வி வரும், வராத வகுப்பில்தான் எனக்குப் பயம்.

'வேலிட்' என்பதை நாங்கள் 'வாய்ப்பானது' என்போம். அது வாக்கியத்துக்குச் சொல்வதில்லை, வாதத்துக்குச் சொல்வது. வாக்கியம் மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கும். வாதம் வாய்ப்பானதாகவோ வாய்ப்பற்றதாகவோ இருக்கும். எடுகூற்றுகள், அதாவது முடிவுக்கு ஆதாரமாக முன்னால் வைக்கிற வாக்கியங்கள், எல்லாம் மெய்யாகவும் முடிவு பொய்யாகவும் இருக்க வழியே இல்லை என்றால் வாதம் வாய்ப்பானது. அவ்வளவுதான் வரைவிலக்கணம். எடுகூற்று உண்மையில் மெய்யா என்று அது கேட்பதில்லை.

உங்கட தீக்கோழி வாதத்தில் முதல் எடுகூற்று பொய். அதனால்தான் முடிவும் பொய்யாகப் போனது. ஆனால் எல்லாப் பறவையும் பறக்கிற ஒரு உலகத்தை நினைத்துப் பாருங்கோ. அங்கே தீக்கோழி பறக்காமல் இருக்க ஏலுமோ? ஏலாது.

மாம்பழ வாதத்தை உடைக்க, சட்டகத்தை வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் மாற்றுங்கோ: எல்லாக் காகங்களும் பறவைகள். சில பறவைகள் வெள்ளை. ஆகவே சில காகங்கள் வெள்ளை. எடுகூற்று இரண்டும் மெய், முடிவு பொய். சட்டகம் முறிந்துவிட்டது. மஞ்சள் மாம்பழம் இருக்கிறது என்பது தற்செயல், அந்த இரண்டு வரியிலிருந்து அது வரவில்லை.

#4 அண்டங்காக்கை
ஆட்சேபணை! வெள்ளைக் காகம் உண்டு. நிறமிக் குறைபாட்டோட பிறக்கும், அப்பப்ப பேப்பர்ல படம் வரும். என் இனத்தைப் பத்தி என்கிட்ட கேட்டுட்டு எழுதுங்க ஐயா.

#5 வடலி
ஒப்புக்கொள்கிறேன், பிடித்துவிட்டீர். உடைக்கிறதுக்கு எடுக்கிற உதாரணத்தில் முடிவு சந்தேகமில்லாமல் பொய்யாக இருக்க வேண்டும். அப்படியானால் இது: எல்லா யானைகளும் விலங்குகள். சில விலங்குகள் முட்டையிடும். ஆகவே சில யானைகள் முட்டையிடும். இதற்கும் பேப்பரில் படம் வந்ததோ?

#6 கரிசல்காடு
யானை முட்டை 😀 புரிஞ்சது ஐயா. சரியா தப்பான்னு பார்க்கிறதை விட்டுட்டு, உடைக்க முடியுதான்னு பார்க்கணும். ஆனா பரீட்சை ஹால்ல யானை ஞாபகத்துக்கு வரலைன்னா? உடைக்கத் தெரியாததும் உடையாததும் ஒண்ணாயிடாதே?

#7 கோட்_கூலி
அருமையான கேள்வி. யானை கிடைக்கலைங்கிறதுக்காக வாதம் சரின்னு ஆயிடாது. அதனாலதான் கற்பனையை நம்பாம எல்லா வாய்ப்பையும் வரிசையாத் தேடுற முறை ஒண்ணு வேணும்.

நம்ம வீட்டு மோட்டார் உதாரணம்:
கரண்ட் இருந்தால் மோட்டார் ஓடும். மோட்டார் ஓடினால் தொட்டி நிறையும். தொட்டி நிறையவில்லை. ஆகவே கரண்ட் இல்லை.

கரண்ட் இருக்கு = க, மோட்டார் ஓடுது = ம, தொட்டி நிறையுது = த. மூணு எழுத்து, ஒவ்வொண்ணும் மெய் அல்லது பொய், அப்ப 8 வரி. மெய் அட்டவணை போட்டு, எடுகூற்று எல்லாம் மெய்யா வந்து முடிவு மட்டும் பொய்யா வர்ற வரி இருக்கான்னு தேடணும். ஒரே ஒரு வரி போதும், வாதம் செத்துது. 8 வரியிலயும் இல்லைன்னா வேலிட். எழுத்து அஞ்சாச்சுன்னா 32 வரி, பரீட்சையில நேரம் இருக்காது. அதனால பின்னாலிருந்து வாங்க. முடிவைப் பொய்யாக்குங்க: 'கரண்ட் இல்லை' பொய், அப்ப க மெய். முதல் வரி மெய்யா இருக்கணும்னா ம மெய். ரெண்டாவது வரிக்கு த மெய். மூணாவது வரி 'தொட்டி நிறையலை'ன்னு சொல்லுது, அதுக்கு த பொய்யா இருக்கணும். முட்டிக்கிச்சு. அப்படி ஒரு வரிக்கு இடமே இல்லை. வேலிட்.

இப்ப இது: கரண்ட் இருந்தால் மோட்டார் ஓடும். கரண்ட் இல்லை. ஆகவே மோட்டார் ஓடாது. முடிவைப் பொய்யாக்கினா ம மெய். ரெண்டாவது வரிக்கு க பொய். முதல் வரி, பொய்யிலிருந்து மெய், அது மெய்தான். முட்டலை. வரி கிடைச்சாச்சு: கரண்ட் இல்லை, மோட்டார் ஓடுது. பக்கத்து அபார்ட்மென்ட்ல ஜெனரேட்டர் இருக்கு.

#8 வடலி
நன்று. எங்கட பாடத்தில் முதல் வாதம் 'மறுத்து மறுத்தல்' விதியை, அதாவது பின்பகுதியை மறுத்து முன்பகுதியையும் மறுக்கிறதை, இரண்டு தரம் பிரயோகித்தது. இரண்டாவது வாதம் 'முன்னடையை மறுத்தல்' என்ற போலி, 'இருந்தால்' என்று வரும் முன்பகுதியை மறுத்துப் பின்பகுதியையும் மறுக்கிற பிழை. பின்னாலிருந்து வருகிறதை 'நேரல் முறை' என்போம்.

#9 கரிசல்காடு
அண்ணா, ஒரு இடத்துல சறுக்குது. 'பொய்யிலிருந்து மெய், அது மெய்தான்'னு கடந்துட்டீங்க. எல்லா யூடியூப் வீடியோவும் அந்த இடத்தை அப்படித்தான் கடக்குது. கரண்டே இல்லாதப்ப 'கரண்ட் இருந்தால் மோட்டார் ஓடும்' எப்படி மெய் ஆகும்? சோதிக்கவே இல்லையே?

இன்னொண்ணு. தீக்கோழி வாதத்துக்கு அட்டவணை போட்டேன். மூணு வாக்கியம், ப, த, ட. ப மெய், த மெய், ட பொய்னு ஒரு வரி கிடைச்சிடுச்சு. அப்ப தீக்கோழி வேலிட் இல்லைன்னு வருது! மறுபடி முதல்ல இருந்தா?

#10 எண்சுவடி
பள்ளிக்கூடத்துல கணக்கு எடுக்கிறேன். முதல் கேள்விக்கு நான் சொல்றேன். 'பாஸ் பண்ணினா சைக்கிள்'னு வாக்குறுதி தர்ற அப்பா கதையெல்லாம் சொல்லி மழுப்புவாங்க. எனக்கு அதுல திருப்தி வந்ததில்லை.

'ஓர் எண் 4ஆல் வகுபட்டால் 2ஆல் வகுபடும்.' இது எல்லா எண்ணுக்கும் மெய், சண்டை இல்லையே? இப்ப எண்ணைப் போடுங்க. 8: ரெண்டும் மெய். 6: முன்பகுதி பொய், பின்பகுதி மெய். 7: ரெண்டும் பொய். எல்லா எண்ணுக்கும் மெய்னு ஒத்துக்கிட்டீங்க, அப்ப இந்த மூணு எண்ணுக்கும் அது மெய்யா இருந்தாகணும். 6ஐக் காட்டி யாரும் விதி பொய்னு சொல்ல மாட்டாங்க. நாலாவது வகை, அதாவது 4ஆல் வகுபட்டு 2ஆல் வகுபடாத எண், இருந்திருந்தா மட்டும்தான் விதி பொய். அட்டவணையில அந்த ஒரு வரிக்கு மட்டும் பொய்னு போடுறது இதனாலதான். பேச்சு வழக்குல 'வகுபட்டால்', 'இருந்தால்'ல வர்ற அந்த 'ஆல்' இதுக்கு மேல ஏதேதோ சுமக்கும். தர்க்கம் அதுல இருந்து இந்தக் குறைஞ்சபட்சத்தை மட்டும் எடுத்துக்குது.

ரெண்டாவது கேள்விக்கு, நீங்க வாக்கியத்தை மூட்டை கட்டிட்டீங்க. 'எல்லாப் பறவைகளும் பறக்கும்' முழுசும் ப-ன்னு ஒரே மூட்டை ஆனதும், உள்ளே இருக்கிற 'பறவை' ரெண்டாவது வாக்கியத்துல இருக்கிற 'பறவை'தான்னு அட்டவணைக்குத் தெரியாது. 'எல்லா', 'சில' வந்தா மெய் அட்டவணைக்கு வேலை இல்லை, வட்டம் வரைங்க. இங்கிலாந்து தர்க்க அறிஞர் ஜான் வென் 1880இல் எழுதிக் காட்டின அதே வட்டங்கள்தான். மூட்டைக்கு உள்ளேயும் குறியீட்டுல எழுதுற வழியை அதுக்கு ஒரு வருசம் முன்னாடி, 1879இல், ஜெர்மனியில ஃப்ரேகேங்கிற கணித அறிஞர் கண்டுபிடிச்சிட்டார். உங்க பாடத்துக்கு அவ்வளவு தூரம் வேண்டாம்.

#11 கரிசல்காடு
6, 7, 8! இவ்வளவுதானா! மூணு மாசமா அந்த வரியை மனப்பாடம் பண்ணிட்டிருந்தேன் சார்.

வட்டம் போட்டுப் பார்த்தேன். மாம்பழ வட்டம் பழ வட்டத்துக்குள்ளே. 'சில பழம் மஞ்சள்'னு புள்ளி வைக்கணும், மாம்பழத்துக்குள்ளே வைக்கவா, வெளியே வைக்கவா? எடுகூற்று எதுவும் சொல்லலை. சொல்லாததை நானா வைக்கக் கூடாது. அதான் இன்வேலிட்.

#12 ஏட்டுச்சுவடி
கரிசல்காடு, உங்கள் முதல் எரிச்சலை அவ்வளவு சீக்கிரம் கைவிட வேண்டாம். உங்கள் பாடத்திட்டத்திலேயே இந்தியத் தர்க்கம் இருக்கிறதே. அதில் தீக்கோழி வாதம் தேறாது.

மணிமேகலை 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை, அதாவது தர்க்கம், சொல்லிக் கொடுக்கிறார். இந்த மலை நெருப்புடையது: பக்கம் (நிறுவ வேண்டியது). புகை இருப்பதால்: ஏது (காரணம்). அடுக்களை போல: திட்டாந்தம் (உதாரணம்). பிறகு உபநயம் (உதாரணத்தை மலைக்குப் பொருத்துவது), நிகமனம் (முடிவு). அடுக்களையைக் காட்டாமல் அவர் நகர மாட்டார், அதாவது பொதுவிதிக்கு உலகத்திலிருந்து ஒரு சாட்சி வேண்டும். 'தீக்கோழி பறக்கும், பறவை ஆதலால்' என்று அங்கே போய்ச் சொன்னால், பறவை என்ற ஏது பறக்காதவற்றிடமும் இருக்கிறதே, இது ஏதுப்போலி, காரணம் போலத் தோன்றும் போலிக் காரணம், என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அநைகாந்திகம் என்று அதற்குப் பெயர். மணிமேகலை ஏதுப்போலி மூன்று என்கிறது: அசித்தம் (நிறுவப்படாத ஏது), அநைகாந்திகம், விருத்தம் (எதிரானதையே நிறுவும் ஏது). நியாயம் என்ற தரிசனத்தின் நூலார் ஐந்து என்பார்கள். வாதத்தின் சட்டகத்தை உண்மையிலிருந்து பிரித்துத் தனியே நிறுக்கும் வழக்கம் இங்கே இல்லை. ஆகவே தீக்கோழியைக் கண்டு முகம் சுளித்தீர்களே, அதற்கு வம்சாவளி உண்டு.

அதே இடத்தில் இன்னொன்று. நெருப்பில்லாத இடத்தில் புகை இராது, நீரில் போல, என்று எதிர்மறையாகவும் ஓர் உதாரணம் வைக்கிறார். கோட்_கூலியின் மோட்டார் வாதத்துக்கு அடியில் ஓடுவதும் அதே திருப்பம்தான்.

#13 கோட்_கூலி
எல்லாம் நம்மகிட்ட அப்பவே இருந்ததுன்னு ஆரம்பிச்சிடாதீங்க ப்ளீஸ்.

#14 ஏட்டுச்சுவடி
அப்படிச் சொல்லவில்லை. சொன்னதற்கு நேர் எதிர்: அங்கே இருந்தது வேறு சரக்கு. மேலும் அந்தக் காதையில் இருப்பது காஞ்சியில் பேசப்பட்ட பௌத்த அளவை, பௌத்த தர்க்க அறிஞர் திக்நாகர் வழியில் வந்தது. பரீட்சையில் 'வேலிட்' என்று கேட்டால் வடலி ஐயா சொன்னது. 'ஹேத்வாபாசம்', அதாவது ஏதுப்போலி, என்று கேட்டால் நான் சொன்னது. இரண்டு தராசையும் கலந்தால் மார்க் போகும்.

#15 கரிசல்காடு
ரெண்டு தராசு. நோட்டுல எழுதிக்கிட்டேன்.

தொல்லை கொடுக்கிறேன், மன்னிக்கவும். வங்கித் தேர்வு எழுதுற தம்பி ஒருத்தன் 'எல்லா அ-வும் ஆ, அப்ப சில அ ஆ' சரிங்கிறான். என் புத்தகம் இது எப்பவும் சரி இல்லைங்குது.

#16 வடலி
இது பழைய வழக்கு. அரிஸ்டாட்டில் வழியில் 'எல்லா' என்றால் அந்த வகையில் ஒன்றாவது இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். ஜார்ஜ் பூல் வழியில், 19ஆம் நூற்றாண்டிலிருந்து, அப்படி எடுப்பதில்லை. பஸ்ஸில் 'பயணச்சீட்டு இல்லாதோர் அனைவரும் தண்டப்பணம் கட்ட வேண்டும்' என்று எழுதியிருக்கிறது. பஸ்ஸில் எல்லாரும் சீட்டு வாங்கிவிட்டால் அந்த அறிவித்தல் பொய்யாகிவிடுமோ? ஆகாது. ஆனால் 'சீட்டில்லாத சிலர் தண்டம் கட்டினர்' என்பது அன்றைக்குப் பொய்.

நிறை விதி ('எல்லா அ-வும் ஆ'), நிறை மறை ('எந்த அ-வும் ஆ இல்லை'), குறை விதி ('சில அ ஆ'), குறை மறை ('சில அ ஆ இல்லை') என்ற நான்கு எடுப்பையும், அதாவது வாக்கிய வகையையும், இரண்டு எடுகூற்று, ஒரு முடிவு என்ற மூன்று இடத்தில் மாற்றி மாற்றி வைத்தால் 64, அதை நான்கு உருவத்தால் (இரண்டு எடுகூற்றுக்கும் பொதுவான சொல் நிற்கும் இடத்தின் வகைகள்) பெருக்க 256 நியாயத்தொடை, அதாவது இப்படி அமைந்த வாதம். அரிஸ்டாட்டில் வழியில் 24 தேறும். பூல் வழியில் 15தான். மற்ற ஒன்பதும் விழுவது இந்த ஒரு இடத்தில்தான். தம்பியின் தேர்வில் 'எல்லா' உள்ள இடத்தில் 'சில'வும் உண்டு என்று எடுப்பார்கள். அவர் அங்கே சரி.

#17 கோட்_கூலி_ரசிகன்
அஞ்சு நாளா ஓரமா நின்னு படிக்கிறேன். ஒரு புதிர். மேசையில நாலு அட்டை: அ, க, 4, 7. ஒவ்வொண்ணுலயும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். விதி: ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண். விதி மீறப்பட்டிருக்கான்னு பார்க்க எந்தெந்த அட்டையைக் கட்டாயம் திருப்பணும்? பீட்டர் வேசன்னு இங்கிலாந்து உளவியல்காரர் 1966இல் எழுதினது, எழுத்தை மட்டும் தமிழாக்கிட்டேன்.

#18 அண்டங்காக்கை
அ, 4. இதுக்கு எதுக்கு ஒரு உளவியல்காரர்?

#19 கரிசல்காடு
அ, 7. உடைக்கிற வரி எது? முன்பகுதி மெய், பின்பகுதி பொய். உயிரெழுத்து இருந்து ஒற்றை எண் இருக்கணும். அந்த வரி அ-க்குப் பின்னாலயோ 7-க்குப் பின்னாலயோதான் ஒளிஞ்சிருக்க முடியும்.

#20 கோட்_கூலி_ரசிகன்
சரி! வேசன் கேட்டவங்கள்ல பெரும்பாலானவங்க 7ஐத் தொடலை. ஆனா அதையே 'பீர் குடிப்பவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்'னு மாத்தி, பீர், கோலா, 25, 16னு நாலு அட்டை வச்சா பெரும்பாலானவங்க பீரையும் 16ஐயும் டக்னு பிடிச்சிடுவாங்க. 1982இல் அமெரிக்காவுல கிரிக்ஸ், காக்ஸ்னு ரெண்டு பேர் இதைச் செஞ்சு பார்த்திருக்காங்க (அங்க அப்ப 19 வயசு). சட்டகம் அதேதான், விதி மீறுறவனைத் தேடச் சொன்னா மூளை சுலபமா வேலை செய்யுது.

#21 கரிசல்காடு
இன்னைக்கு வீட்டுல நடந்தது. அம்மா சொன்னாங்க: 'படிச்சா வேலை கிடைக்கும். உனக்குக் கிடைக்கலை. அப்ப நீ படிக்கலை.' எழுதிப் பார்த்தேன். மறுத்து மறுத்தல். வேலிட்! எனக்கே வயித்துல பகீர்னுச்சு. வாதம் உடையலை, அப்ப முதல் எடுகூற்றைத்தான் பொய்னு காட்டணும். படிச்சும் வேலை கிடைக்காதவங்க பட்டியல் தரேன்னு சொன்னேன், 'எதிர்த்துப் பேசக் கத்துக்கிட்ட'ன்னு அதுக்கும் விழுந்துச்சு.

#22 வடலி
பிள்ளை, ஒன்று கேட்கட்டோ. அம்மா சொன்னது 'படிச்சா'வோ, 'படிச்சாத்தான்' என்றோ? வார்த்தை பிசகாமல் சொல்லுங்கோ.

#23 கரிசல்காடு
'படிச்சாத்தானேடி வேலை கிடைக்கும்'. ஏன் ஐயா?

#24 வடலி
அந்தத் 'தான்' வாதத்தையே திருப்பிப் போட்டுவிடும். தமிழில் எழுதுகிற பிள்ளைகள் அதிகம் விழுகிற குழி இது.

'மழை பெய்தால் குளம் நிறையும்' என்றால் மழை போதும் என்று அர்த்தம். மழை பெய்து குளம் நிறையாமல் போனால் வாக்கியம் பொய். 'மழை பெய்தால்தான் குளம் நிறையும்' என்றால் மழையில்லாமல் நிறையாது என்று மட்டும் அர்த்தம். மழை பெய்தும் குளம் நிறையாமல் போகலாம், கரை உடைந்திருக்கலாம், அதற்காக வாக்கியம் பொய்யாகாது. குறியீட்டில் எழுதும்போது அம்பு மற்றப் பக்கம் திரும்பும்: குளம் நிறைந்தால், மழை பெய்திருக்கிறது. 'மட்டுமே'யும் இதே வேலையைச் செய்யும். 'உறுப்பினர் மட்டுமே நுழையலாம்' என்றால் நுழைகிறவர் எல்லாரும் உறுப்பினர், உறுப்பினர் எல்லாரும் நுழைவார்கள் என்றில்லை. மேடைப் பேச்சிலும் விளம்பரத்திலும் 'தான்' எங்கே விழுகிறது என்று கவனியுங்கோ, பாதி வாதம் அங்கேயே கழன்றுவிடும்.

இனி அம்மாவின் வாதத்தைத் திரும்ப எழுதுங்கோ.

#25 கரிசல்காடு
வேலை கிடைத்தால், படித்திருக்கிறாள். வேலை கிடைக்கவில்லை. ஆகவே படிக்கவில்லை.

முடிவைப் பொய்யாக்கறேன்: படித்தாள், மெய். ரெண்டாவது வரிக்கு வேலை பொய். முதல் வரி, பொய்யிலிருந்து மெய், மெய்தான். முட்டலை. வேலிட் இல்லை!!

ஐயா, படித்தது மெய், வேலை பொய். அந்த வரி நான்தான்.

#26 கோட்_கூலி
அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?

#27 கரிசல்காடு
மாவு அரைச்சு முடிச்சதும் சொல்லலாம்னு இருக்கேன். இப்ப கரண்ட் இல்லை.

#28 அண்டங்காக்கை
நான் இன்னும் 4ஐ ஏன் திருப்பக் கூடாதுன்னுதான் யோசிச்சிட்டிருக்கேன். பின்னால க இருந்தா?

#29 கரிசல்காடு
க இருந்தா என்ன? க-வைப் பத்தி விதி வாயே திறக்கலையே. 6ஐ ஞாபகம் வச்சுக்கோங்க அண்ணா.